அரங்கேற்றமும் அச்சேற்றமும்

பூவிருந்தவல்லியை அடுத்துள்ள குன்றத்தூர் சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர் என்பது தொண்டை நாட்டார் நன்கறிந்த செய்தி. சோழப் பேரரசில் அமைச்சராக விளங்கிய அவர் இயற்றிய திருத்தொண்டர் புராணம் தில்லையில் அரங்கேறிய வரலாற்றை, உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் விரித்துரைக்கிறது. ஆயிரக்கால் மண்டபத்தில் ஓராண்டுச் சித்திரைத் திருவாதிரையன்று தொடங்கிய விரிவுரை, மறு ஆண்டுச் சித்திரைத் திருவாதிரையன்று நிறைவுற்றது என்றும், அனபாய சோழன் அவையில் அமர்ந்து கேட்டான் என்றும், நிறைவு நாளில் நூலையும் ஆசிரியரையும் யானைமேல் ஏற்றி அரசன் தானே உடனிருந்து கவரி வீசினான் என்றும் அந்நூல் கூறும். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கழித்து எழுந்த நூலாதலின் இச்செய்திகள் ஒவ்வொன்றையும் அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும், ஒரு நூல் உலகிற்கு வெளியாதல் என்றால் என்ன என்பது பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த கருத்தை அறிய இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. நான்காயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களை ஓராண்டு முழுதும் ஓர் அவை கேட்டது. அந்த ஓராண்டின் முடிவில் ஏட்டுப் படிகள் எத்தனை இருந்தன என்பது எவரும் கேளாத கேள்வி.

இன்று கேட்கப்படுவது பெரும்பாலும் அந்தக் கேள்வியே. அம்பத்தூரிலோ ஆவடியிலோ வாழும் இளங்கவிஞர் ஒருவர் தாம் எழுதிய கவிதையை முகநூலில் இடுகிறார். அல்லது வாட்ஸ்அப் குழுவில் நண்பர் இருபதின்மருக்கு அனுப்புகிறார். சில திங்கள் கழித்து அதே கவிதையைச் செப்பம் செய்து ஓர் இதழுக்கோ பரிசுப் போட்டிக்கோ அனுப்ப விழைகிறார். ‘இப்படைப்பு என் சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளிவந்ததன்று’ என்று உறுதிமொழி தரவேண்டிய இடத்தில் அவர் கை நின்றுவிடுகிறது. நண்பர் இருபதின்மர் படித்தமை வெளியீடு ஆகுமா? ஆகும் எனின் அக்கவிதைக்கு இதழின் கதவு அடைபட்டது. ஆகாது எனின் அவர் அஞ்சியது வீண். இதற்கு அவரவர் மனம்போல விடை கூறப்படுகிறது. விடையைத் தேடுமுன், வெளியீடு என்னும் சொல் தமிழகத்தில் எவ்வெப்பொருளில் வழங்கி வந்தது என்பதைக் காணுதல் பயன்தரும்.

அவையும் களமும்

தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் இயற்றிய சிறப்புப் பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் ஐயம் வினவ, அவருக்கு விளக்கி அந்நூல் அரங்கேற்றப்பட்டது என்று கூறுகிறது. அவையின் தலைவன் யார், கேட்டவர் யார் என்பவை நூலின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டுவிட்டன. இவ்வழக்கத்தையே பின்வந்த நன்னூலார் இலக்கணமாக வகுத்தார். சிறப்புப் பாயிரம் கூறவேண்டிய எட்டுச் செய்திகளுள் ஆசிரியர் பெயர், நூற்பெயர் முதலியவற்றோடு கேட்போரும் ஒன்றாக எண்ணப்படுகின்றனர். அவ்வெட்டோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டி உரைப்பாரும் உளர் என அவர் குறிப்பிடுகிறார். களமாவது நூல் அரங்கேறிய இடம். இன்றைய நூல்களின் இரண்டாம் பக்கத்தில் பதிப்பு ஆண்டும் பதிப்பகத்தின் பெயரும் வகிக்கும் இடத்தை அன்று காலமும் களமும் வகித்தன எனலாம். ஆனால் கேட்போருக்கு இன்றைய பதிப்புப் பக்கத்தில் இடமில்லை. படிகளின் எண்ணிக்கை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது.

அவை வாளாவிருந்து கேட்டுச் செல்லும் கூட்டமாகவும் இருந்ததில்லை. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கந்தபுராணத்தைக் கச்சியப்பர் அரங்கேற்றத் தொடங்கிய முதல் நாளிலேயே, முதற்பாட்டின் முதற்சீரில் அமைந்த புணர்ச்சிக்கு விதி யாது என்று அவையிலிருந்த ஒருவர் தடை எழுப்பினார் என்பதும், வீரசோழியத்திலிருந்து விதி காட்டப்பட்ட பின்னரே நூல் மேற்சென்றது என்பதும் வழிவழி வரும் செய்தி. கம்பர் திருவரங்கத்தில் பட்ட பாடுகள் பற்றிய கதைகளும் இவ்வகையினவே. கதைகள் எனத் தள்ளினும், அவற்றின் உட்கிடை ஒன்றே: அவையின் தடைக்கு விடை கூறி வென்ற நூலே வெளியான நூல். அதற்கு முன் மாணாக்கர் படியெடுத்திருக்கலாம். நண்பர் கேட்டுச் சுவைத்திருக்கலாம். அவையெல்லாம் வெளியீடாகக் கருதப்படவில்லை.

இம்முறை பழங்காலத்தோடு மறைந்துவிடவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இயற்றிய தலபுராணங்கள் அந்தந்த ஊர்களில், அவ்வூரார் கூடிய அவைகளில் அரங்கேறின. 1870களில் திருப்பெருந்துறைப் புராணம் அரங்கேறியபோது உடனிருந்தவர் உ. வே. சாமிநாதையர். அங்குத் தங்கியிருந்த நாளில் ஆசிரியர் பாடல்களைச் சொல்லச் சொல்லத் தாம் ஏட்டில் எழுதியதை ஐயர் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அச்சுப்பொறி தமிழ்நாட்டில் வேரூன்றிய பின்னும், ஒரு புராணத்தின் பிறந்தநாள் அரங்கேற்ற நாளாகவே இருந்தது. அச்சு அதற்குப் பின்னர் வந்த வசதி. சில நூல்களுக்கு அது வாராமலேயும் போயிற்று.

வள்ளலார் அச்சுக்கு இசைந்த வரலாறு

இவ்விரு முறைகளும் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட இடத்தைக் காண வேண்டுமாயின் இராமலிங்க அடிகளாரின் வரலாற்றை நாட வேண்டும். சென்னையின் மேற்புறத்தார்க்கு அவர் அயலார் அல்லர். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட திருமுல்லைவாயில் இறைவன்மீது அவர் பாடிய பாடல்கள் திருவருட்பாவில் இடம்பெற்றுள்ளன. 1858 வரை சென்னையில் வாழ்ந்த காலத்தில் ஒற்றியூரிலும் பிற தலங்களிலும் அவர் பாடியவற்றை அன்பர்கள் படியெடுத்துக்கொண்டனர், மனனம் செய்தனர், திருமுன் நின்று பாடினர். ஆயிரக்கணக்கான பாடல்கள் இவ்வாறு வாய்வழியும் கைவழியும் பரவியிருக்க, அவற்றுள் பெரும்பகுதி அச்சு வாகனம் ஏறாமலே கிடந்தது.

அச்சுத் தொழிலை அவர் அறியாதவர் என்று இதற்குக் காரணம் கூற இயலாது. 1851இல் ஒழிவிலொடுக்கத்தையும், 1855இல் தொண்டமண்டல சதகத்தையும், 1857இல் சின்மய தீபிகையையும் பதிப்பித்தவர் அவரே. 1854இல் அவருடைய மனுமுறை கண்ட வாசகம் அச்சாகியது. பிறர் நூலைப் பிழையறப் பதிப்பித்துத் தந்தவர், தம் பாடல்களை மட்டும் அச்சிற்குக் கொடாது காத்தார் என்பதே கவனிக்கத் தக்கது. பாடுதல் வேறு, பதிப்பித்தல் வேறு என்பதை அவர் உள்ளம் தெளிவாக உணர்ந்திருந்தது.

1860ஆம் ஆண்டு முதல் இறுக்கம் இரத்தின முதலியார் விடாது வேண்டினார். பாடல்கள் தம் கைக்கு வந்து சேரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை உணவே கொள்வதென அவர் உறுதிபூண்டார் என்பதும், அதனைக் கேட்டு அடிகளார் வருந்தி எழுதினார் என்பதும் கடிதங்களால் புலனாகின்றன. இசைவு தந்தபோதும் அடிகளார் அதனை வரையறையோடு தந்தார். தம் பெயரை ‘இராமலிங்கசாமி’ என்று வழங்குதல் ஆரவாரமாகத் தோன்றுவதால் அதற்குத் தாம் உடன்படவில்லை என்று அவர் எழுதியது பலரும் அறிந்தது. இறுதியில், 1867இல், தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் முதல் நான்கு திருமுறைகள் ‘திருவருட்பா’ என்னும் பெயரோடு சென்னையில் வெளிவந்தன. ஐந்தாம் திருமுறை 1880இலும், ஆறாம் திருமுறை 1885இலும் அச்சாயின. அடிகளார் சித்தி எய்தியதோ 1874இல். தம் இறுதிக் காலப் பாடல்களின் தொகுதியாகிய ஆறாம் திருமுறையைத் தம் வாழ்நாளில் வெளியிட அவர் இசையவில்லை என்பதே மரபாகச் சொல்லப்படுவது.

நூல் வெளிவந்ததும் எழுந்த பூசல் தமிழுலகம் அறிந்ததே. ஆறுமுக நாவலர் சார்பினர் மறுப்பு எழுதினர். 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அப்பூசலின் சமயக் கூறுகள் இக்கட்டுரைக்கு வேண்டா. ஒன்று மட்டும் ஈண்டு நோக்கத்தக்கது. மறுத்தவர்களின் சினம் புத்தகத்தின்மீது மட்டும் எழுந்ததன்று. தேவார திருவாசகங்கள் ஓதப்படும் திருக்கோயில்களில் இப்பாடல்கள் பாடப்படுகின்றன என்பதே அவர்களது பெருங்குறை. நூற்றுக்கணக்கான படிகளாக அச்சான நூலினும், கோயில் மண்டபத்தில் கூடியோர் செவியில் விழுந்த பாடலே அவர்களுக்கு வலிய வெளியீடாகத் தோன்றியது. அரங்கேற்ற மரபில் ஊறிய உள்ளங்கள் வேறு எவ்வாறு எண்ணும்?

மேலைநாட்டிலும் இதற்கு இணை உண்டு. ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் கவிதைகள் அவர் வாழ்நாளில் பெரும்பாலும் நண்பர் குழாத்துள் கையெழுத்துப் படிகளாகவே உலவின. அவை நூலாக அச்சானது அவர் இறந்து ஈராண்டு கழித்து, 1633இல். அப்படிகளைப் படித்தவர் பலராயினும், அச்சான ஆண்டையே இலக்கிய வரலாறு வெளியீட்டு ஆண்டாகக் குறிக்கிறது.

சட்டம் கண்ட வெளியீடு

திருவருட்பா அச்சான அதே 1867ஆம் ஆண்டில்தான் அச்சகங்களும் நூல்களும் பற்றிய 25ஆம் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. அச்சிடப்படும் ஒவ்வொரு நூலின் படியையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அவற்றின் பட்டியல் தொகுக்கப்படும். 1835இல் மெட்காஃப் காலத்தில் அச்சகங்கள் கட்டு நீங்கிப் பெருகியபின், என்னென்ன அச்சாகின்றன என்பதை அரசு அறிய விரும்பியதன் விளைவு இது. ஆட்சியின் ஏட்டில் நூல் என்பது படிகளும் அச்சகப் பெயரும் உடையதொரு பொருளாயிற்று. அச்சட்டம் 2024 மார்ச்சு வரை நடைமுறையில் இருந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

பதிப்புரிமைச் சட்டங்களும் இவ்வழியே நடந்தன. 1911இல் பிரிட்டனில் இயற்றப்பட்டு, 1914இல் இந்தியாவிற்கும் உரியதாக்கப்பட்ட சட்டம், வெளியீடு என்பது மக்களுக்குப் படிகளை வழங்குதலே எனக் கூறியது. அத்தோடு நில்லாமல், நாடகத்தை மேடையேற்றுதலும் பொது இடத்தில் விரிவுரை ஆற்றுதலும் வெளியீடு ஆகா என வெளிப்படையாக விலக்கியது. இந்தியா 1928 முதல் உறுப்பாக உள்ள பெர்ன் உடன்படிக்கையின் இன்றைய வாசகமும் இலக்கியப் படைப்பைப் பொதுவில் ஓதுதல் வெளியீடு ஆகாது என்றே சொல்கிறது. அவ்வாசகத்தைச் சேக்கிழாருக்குப் பொருத்தினால் விளைவு நகைப்பிற்கிடமாகும்: தில்லையில் ஓராண்டு ஓதப்பட்ட திருத்தொண்டர் புராணம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறும்வரை வெளிவராத நூல்!

இதனால் சட்டம் அறிவற்றது என்று கூறுதல் முறையாகாது. வெளியான நாளை ஒட்டி உரிமைகளைக் கணக்கிடுவதற்குச் சட்டத்திற்குத் தொட்டுக் காட்டத்தக்க சான்று வேண்டும்; செவி அத்தகைய சான்று தராது, தாள் தரும். குறை சட்டத்திற்குரியதன்று. நீதிமன்றத்திற்கென வகுத்த அளவுகோலை இலக்கிய உலகமும் இரவல் வாங்கிக்கொண்டதே குறை.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் தொடக்கத்தில் படிகளையே எண்ணியது. திருப்பம் 1994இல் வந்தது. அவ்வாண்டில் செய்யப்பட்டு 1995 மே 10 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, படிகளை வழங்குவதால் மட்டுமன்றி, ஒரு படைப்பை மக்கள் அறியச் செய்வதாலும் அது வெளியீடாகும். தாள் இன்றியும் வெளியீடு உண்டு என்று இந்தியச் சட்டம் ஒப்புக்கொண்டது. அரங்கேற்றம் பின்வாசல் வழியே சட்டத்திற்குள் நுழைந்தது எனக் கூறத் தோன்றும். தற்செயலாக, அதே 1995ஆம் ஆண்டு அக்டோபரில்தான் சிங்கப்பூரில் நான்கு மொழிக் கவிதைத் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏற்றப்பட்டு, நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் எழுத்து உலகக் கணினித் திரைகளில் தோன்றியது.

ஆனால் நுழைந்தது அரங்கேற்றத்தின் பாதியே. மக்கள் அறியச் செய்தல் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு: மக்களுள் ஒருவரேனும் உண்மையில் கண்டாரா, கேட்டாரா என்பது பொருட்டன்று, அவர்களுக்கு எட்டும் நிலையில் வைத்தலே போதும். நன்னூலார் கேட்போரின்றிப் பாயிரம் நிறையாது என்றார். இச்சட்டமோ கேட்போர் எவரும் இல்லாவிடினும் வெளியீடு நிறைந்தது என்கிறது. நள்ளிரவில் முகநூலில் இடப்பட்டு எவர் கண்ணிலும் படாது புதைந்த கவிதையும் சட்டத்தின் பார்வையில் வெளியான கவிதையாகிவிடுகிறது. இருபதின்மர் மட்டுமே அடங்கிய, பிறர் நுழைய இயலாத குழுவிற்கு அனுப்பியதை ‘மக்களுக்கு’ அறிவித்ததாகக் கொள்ளுதல் அவ்வளவு எளிதன்று. அது நண்பருக்குப் படித்துக் காட்டுதலோடு ஒத்தது. இரண்டிலும் படைப்பின்மீது எழுதியவருக்குள்ள பதிப்புரிமை சிறிதும் குறைவதில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது.

எனவே இளங்கவிஞரின் கையைத் தடுத்து நிறுத்துவது சட்டம் அன்று. இதழாசிரியர் வகுத்த நிபந்தனை. அதற்கும் ஒரு நியாயம் உண்டு. காசு கொடுத்து இதழை வாங்குவோருக்குப் புதியதைத் தரவேண்டிய கடமை இதழாசிரியருக்கு உளது. அவர் விலைகொடுத்துப் பெற விழைவது முதன்மையை. அமெரிக்க, ஆங்கிலக் கவிதை இதழ்கள் பலவற்றின் விதிகள் தனிப்பட்ட இணையப் பக்கத்தில் இடப்பட்டதையும் வெளியானதாகவே கொள்கின்றன. வேறு சில அதனைப் பொருட்படுத்துவதில்லை. தமிழ் இதழ்களுள் பல இதுபற்றி ஒன்றும் கூறாது, ‘வேறெங்கும் வெளிவராத’ என்னும் பழைய தொடரையே அச்சிட்டு வருகின்றன. கையெழுத்துப் படிகள் அஞ்சலில் சென்ற காலத்தில் அத்தொடர் ஐயத்திற்கு இடம் தரவில்லை. இன்று அதன் பொருளை விளக்கவேண்டிய பொறுப்பு அதனை அச்சிடுவோருடையதே. ஐயத்தின் பயனை எழுதியவருக்கு அளிப்பதே முறை.

முன்னரே மக்கள் கைக்குப் போனது பின்னர் வரும் நூலின் மதிப்பைக் குறைக்கும் என்னும் அச்சத்திற்குத் தமிழ் இலக்கிய வரலாறு சான்று தரவில்லை. 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதியாரின் பாடல்கள் சிலவற்றைப் பதினையாயிரம் படிகள் அச்சிட்டு விலையின்றி வழங்கினார். மறு ஆண்டே சுதேச கீதங்கள் நூலாக வந்தது. ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் விவேக சிந்தாமணியில் 1893 முதல் தொடராக வந்து, 1896இல் நூலாயிற்று. உ. வே. சாமிநாதையரின் என் சரித்திரம் 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வந்து, 1950இல் நூல் வடிவம் பெற்றது. எழுத்து இதழில் வந்த புதுக்கவிதைகளினின்று தெரிந்தெடுத்தே 1962இல் புதுக்குரல்கள் தொகுப்பைச் சி. சு. செல்லப்பா வெளியிட்டார். அண்மைச் சான்று ஜெயமோகனின் வெண்முரசு. 2014 சனவரி முதல் 2020 சூலை வரை நாள்தோறும் இணையத்தில், எவரும் விலையின்றிப் படிக்கும் வண்ணம் வெளிவந்த அந்த 26 நாவல்களும் அச்சு நூல்களாகவும் வாங்கப்பட்டன. ஓராண்டு நாள்தோறும் தில்லையில் கேட்ட அவைக்கு இணையானதோர் அவை, ஆறரை ஆண்டுகள் திரையின் முன் அமர்ந்திருந்தது.

இவை யாவும் நெடிய படைப்புகளும் தொகுதிகளுமே, தனிக் கவிதையின் நிலை வேறு என்று மறுக்கலாம். அம்மறுப்பில் உண்மை உண்டு. ஆசிரியர் ஒருவர் தேர்ந்து, நாளிட்டு வெளியிடும் திண்ணை போன்ற இணைய இதழில் வந்த கவிதை ஐயமின்றி வெளிவந்த கவிதையே. அதனை மறைத்து வேறோர் இதழுக்குப் புதியது என அனுப்புதல் பிழை. அங்கே தேர்ந்தெடுத்த ஓர் அவை இருந்தது, தடை எழுப்ப ஓர் ஆசிரியர் இருந்தார். தானே எழுதித் தானே இட்ட பக்கத்தில் அவ்விரண்டும் இல்லை. இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டத்தில் கவிதை படித்து, ‘மூன்றாம் அடி தளர்கிறது’ என்று மூத்தவர் ஒருவர் சொல்லக் கேட்டு, வீட்டிற்குச் சென்று திருத்துகிறாரே ஒருவர், அவருடைய கவிதைக்கு அவை இருந்தது. ஆயினும் அதனை எந்த இதழும் முன்னரே வெளிவந்ததாகக் கருதித் தள்ளியதில்லை. கூட்டத்திற்கு அளிக்கப்படும் இச்சலுகை கைப்பேசிக் குழுவிற்கு மறுக்கப்படுவதற்குக் காரணம் கூறுதல் கடினம்.

சிற்றிதழ்கள் பெருகிய காலத்தில், கவிதைத் தொகுதிகளின் முன்பக்கத்தில் அக்கவிதைகள் முதலில் வெளிவந்த இதழ்களின் பெயர்களைக் குறித்து நன்றி கூறும் வழக்கம் நிலைபெற்றது. பாயிரத்தில் வந்த களம் இவ்வாறு வேறு உருவில் திரும்பியது. அண்மைக் காலத் தொகுதிகள் சிலவற்றில் அப்பட்டியலில் இணைய இதழ்களும் முகநூலும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. இலக்கிய வட்டங்களின் மாதக் கூட்டங்களை மட்டும் அப்பட்டியல்களில் அரிதாகவே காண முடிகிறது. ஆண்டு மலர்களில் அச்சாகும் கவிதைகளுள் பல அத்தகைய கூட்டங்களில் முதலில் ஒலித்தவை. அவற்றின் அடியில், படிக்கப்பட்ட நாளையும் இடத்தையும் ஒரு வரியில் சேர்ப்பதற்கு மலர்க்குழுவினருக்கு அதிகத் தாள் செலவாகாது.